பரோ கவுன்சிலும் ஒன்பதாம் மாடியும்

1

எங்கள் ஊர் நகரசபைக்கு ஆண்டு நிறைவு வருகிறது, மலர் போடுகிறோம் என்று சிவகுரு எழுதியிருக்கிறான். சிவகுரு என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது தலைமை ஆசிரியர், மலர்க்குழுவுக்கும் தலைவர். என்னிடம் அவன் கேட்டிருப்பது பத்துப் பக்கக் கட்டுரை. தலைப்பையும் அவனே வைத்துவிட்டான்: ‘இங்கிலாந்தின் மெட்ரோபொலிட்டன் பரோ கவுன்சில்: வரலாறும் நிர்வாகமும்.’ “நீ உள்ளுக்கு இருந்து பாத்தவன். எங்கடை ஆக்களும் படிக்கட்டும்” என்று கீழே ஒரு வரி வேறு.

உள்ளே இருந்ததென்னவோ உண்மைதான். வட இங்கிலாந்தில் ஒரு பழைய பரோவின், அதாவது அந்த நாட்டு நகரசபை ஒன்றின், நகர மண்டபத்தில் பதின்மூன்று ஆண்டுகள் கூட்டக் கிளாக்கராக இருந்தேன். அதற்குமுன் எங்கள் நகரசபையிலேயே இரண்டு ஆண்டுகள். இப்போது சிட்னியின் மேற்குப் புறநகரில் ஒரு கவுன்சிலில் நான்காவது ஆண்டு ஓடுகிறது. மற்றவர்கள் கூடிப் பேசியதை எழுதியே சோறு தின்றவன் நான். சிவகுரு கேட்ட கட்டுரையை ஒரு கிழமையில் முடித்து விமானத் தபாலில் போட்டிருக்கலாம்.

முடியவில்லை. வரலாறு என்று இரண்டு பக்கம் எழுதினால் மூன்றாம் பக்கத்தில் தவமணி வந்து நிற்கிறாள். தவமணி என் கூட்டாளி இராசரத்தினத்தின் மனைவி. அவளுக்குக் கிடைக்கவேண்டிய தரைத்தள வீடு ஒன்று கிடைக்காமல் போனதில் என் கை இருக்கிறது. இதுவரை நான் யாருக்கும் எழுதாத விஷயம். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் உன் பாடு, சிவகுரு. நான் எழுதத்தான் போகிறேன்.

2

முதலில் வரலாறு. கேட்டதைக் கொடுக்காவிட்டால் சிவகுரு என்னை உயிரோடு விடமாட்டான்.

இங்கிலாந்தில் ஓர் ஊர் பரோ ஆவதென்றால் அரசமுடியிடமிருந்து பட்டயம் வரவேண்டும். எங்கள் பரோவுக்கு அது விக்டோரியா மகாராணி காலத்தில் வந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலியோடு மேயர், மக்கள் தெரிவுசெய்த கவுன்சிலர்கள், அந்தக் கவுன்சிலர்களே தெரிவுசெய்த மூத்த உறுப்பினர்களான ஓல்டர்மன்கள். இவ்வளவு பேரும் வெளியே தெரிபவர்கள். காரியத்தை நடத்துபவர் டவுன் கிளாக். பஸ் ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடமில்லை, எதுவானாலும் சனம் அந்த ஒரு மண்டபத்துக்கு நடந்து வந்து சண்டை பிடிக்கும்.

1974 ஏப்ரல் முதலாம் திகதி அதெல்லாம் போயிற்று. ஆமாம், முட்டாள்கள் தினம்தான். அதைச் சொல்லி அப்போதே எல்லோரும் சிரித்தாயிற்று. எங்கள் பரோவையும் பக்கத்துப் பெரிய நகரத்தையும் சுற்றியிருந்த சின்னச் சபைகள் நாலைந்தையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு மெட்ரோபொலிட்டன் பரோ, அதாவது பெருநகரப் பரோ, ஆக்கினார்கள். வீடு, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு பரோவுக்கு. பொலிஸ், தீயணைப்பு, பஸ் எல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்த மெட்ரோபொலிட்டன் கவுண்டி என்ற மாவட்டச் சபைக்கு. தண்ணீர் இரண்டு பேருக்கும் இல்லாமல் மூன்றாவது ஆளுக்கு. ஓல்டர்மன் பதவியை ஒழித்தார்கள். டவுன் கிளாக்குக்கு ‘சீஃப் எக்ஸெகியூட்டிவ்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். தலைமைக் கந்தோர் கோப்புகளோடும் அதிகாரிகளோடும் பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்ச் சனத்துக்கு இந்தச் சீர்திருத்தத்தில் விளங்கியது ஒன்றுதான்: நடந்துபோய்க் கேட்ட காரியத்துக்கு இனி இரண்டு பஸ் ஏறவேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. புதிய சபையைப் பழையது உயிரோடு இருக்கும்போதே, ஒரு வருடம் முன்னதாகத் தெரிவுசெய்துவிட்டார்கள். ஆகவே கடைசி ஆண்டு முழுவதும் நாங்கள் சாகப்போகும் சபையில் வேலை செய்துகொண்டு, பிறந்துவிட்ட சபைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தோம். செய்துகொண்டிருந்த அதே வேலைக்குத்தான் விண்ணப்பம். கறுத்த தோலோடு அந்த வரிசையில் நின்றவன் நான் ஒருவன்தான். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. இல்லை, சாட்டாகவும்தான் சொல்கிறேன்.

3

கூட்டறிக்கை எழுதுவதில் ஆங்கிலேயருக்கு ஒரு முறை இருக்கிறது. யார் என்ன பேசினார் என்று எழுதக்கூடாது. என்ன தீர்மானமாயிற்று என்றுமட்டும் எழுதவேண்டும். மூன்று மணித்தியாலம் கத்திக் குழறி, ஒருவர் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியேறினாலும் கூட்டறிக்கையில் ‘அறிக்கை ஏற்கப்பட்டது’ என்று இரண்டே சொல்.

ஊரில் நாங்கள் அப்படியா எழுதினோம்? ‘கௌரவ உறுப்பினர் ஆவேசத்துடன் கூறியதாவது’ என்று போடாவிட்டால் அந்தக் கௌரவ உறுப்பினர் அடுத்தநாள் கந்தோர் வாசலில் நிற்பார். அந்தப் பழக்கத்தோடு போய் முதல் கூட்டத்துக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். உதவி டவுன் கிளாக் சிவப்புப் பென்சிலால் எட்டரைப் பக்கத்தை வெட்டிவிட்டு, “நாங்கள் முடிவுகளைப் பதிகிறோம் மிஸ்டர் மகேசன், பேச்சுகளை அல்ல” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் என்னைவிடச் சுருக்கமாக எழுத ஆளில்லை. அதில் எனக்குத் திமிரும் இருந்தது.

இராசரத்தினமும் நானும் ஒரே கப்பலில் போனவர்கள். அவனுக்குக் கம்பளி ஆலையில் வேலை. ஒரு வருடம் பொறுத்துத் தவமணியையும் மகள் கௌரியையும் கூப்பிட்டுக்கொண்டான். அவர்கள் இருந்த தெரு முழுவதையும் புது வீதிக்காக இடிப்பதென்று பரோ முடிவெடுத்தது. அங்கிருந்த குடும்பங்களுக்கு வேறு வீடு கொடுப்பதும் பரோவின் பொறுப்பு. தவமணிக்கு இருதய வால்வில் கோளாறு. பத்துப் படி ஏறினால் உதடு நீலமாகிவிடும்.

1974 மார்ச்சில் வீடமைப்புக் குழுவின் கடைசிக் கூட்டம். தலைவர் வயதான ஓல்டர்மன், பேக்கரிக்காரர். இராசரத்தினத்தின் மனுவை நான்தான் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டு வீடமைப்பு அதிகாரியைப் பார்த்து, “இந்த அம்மாவுக்குப் படி ஆகாது. இந்த ஊருக்குள்ளேயே தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுங்கள். முடிந்த காரியம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பிரேரணை இல்லை, வழிமொழிதல் இல்லை. ஆகவே என் கணக்கில் அது பேச்சு. நான் எழுதினேன்: ‘தெருவாசிகளை இடமாற்றுவது பற்றிய அறிக்கை ஏற்கப்பட்டது.’

அன்று பின்னேரம் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். “தங்கச்சி, உமக்குக் கீழ்வீடுதான். தலைவர் தன்ரை வாயால சொல்லிப்போட்டார்” என்றேன். தவமணி அழுதுவிட்டாள். பிறகு குசினிக்குள் போய் ரவையை வறுத்துக் கேசரி கிண்டினாள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

4

மூன்றாம் நாள் புதிய சபையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய சபைகள் கொடுத்த வாக்குறுதிகளில் கூட்டறிக்கையில் பதிவானவைமட்டுமே புதிய சபையைக் கட்டுப்படுத்தும் என்றிருந்தது. உறையைப் பிரித்தது நான். பிரதி எடுத்து எல்லாப் பகுதிகளுக்கும் அனுப்பியதும் நான்.

அந்தக் கூட்டறிக்கை அப்போது தட்டச்சாகி என் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடந்தது. மாதக் கடைசியில் கூடும் கடைசிச் சபைக் கூட்டத்தில்தான் தலைவர் அதில் கையொப்பம் வைப்பார். ஒரு வரி. ஒரே ஒரு வரியைச் சேர்த்துத் திரும்பத் தட்டச்சுச் செய்து கிழவரிடம் நீட்டியிருந்தால், தான் சொன்னதுதானே என்று கையொப்பம் வைத்திருப்பார். பொய்யில்லை, கள்ளமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான்.

சுற்றறிக்கைக் கதை ஆலைவரை போய்விட்டது. இராசரத்தினம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோருக்கு ஓடி வந்தான்.

“மகேசு, தலைவர் சொன்னது எழுத்தில இருக்கோ?”

“அறிக்கை ஏற்கப்பட்டது எண்டு இருக்கு.”

“தவமணிக்குக் கீழ்வீடு எண்டு இருக்கோ?”

“அப்பிடி எழுதுறேல்லை. அதுதான் முறை.”

“முறையை விடடாப்பா. ஒரு வரி சேர்க்கேலாதோ?”

“பாப்பம்.”

அடுத்த கிழமை திரும்ப வந்தான். “பாத்தியோ?” என்றான். “சரியான ஆளைப் பிடிச்சுக் கதைக்கவேணும், பொறு” என்றேன். எந்த ஆளையும் நான் பிடிக்கவில்லை. அந்தக் கிழமைதான் எனக்கு நேர்முகத் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கப்போகிற மூன்று பேரில் ஒருவர் அதே உதவி டவுன் கிளாக். ஒரு இந்தியன் தன் ஆளுக்காகக் கூட்டறிக்கையைத் திருத்தினான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். எந்த நாட்டவன் என்று அவர் கேட்டதில்லை, அவருக்கு நானும் இந்தியன்தான். அவர் அப்படி நினைத்திருப்பாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவே இல்லையே!

மூன்றாம் தரம் வந்தபோது, “ஏலாது மச்சான்” என்றேன். “கையொப்பம் வைச்சுப் புத்தகம் கட்டக் குடுத்திட்டினம். நான் எவ்வளவோ கதைச்சுப் பாத்தன்.”

தாள் என் முழங்காலுக்கு நேரே லாச்சியில் இருந்தது. அவன் என் கையைப் பிடித்து, “நீ உன்ரை பங்குக்குச் செய்திட்டாய். அது காணும்” என்றான்.

பத்தொன்பது நாள் அது என்னிடம் கிடந்தது. பத்தொன்பதாம் நாள் கிழவர் வாசித்துக்கூடப் பாராமல் கையொப்பம் வைத்தார். எனக்குப் புதிய சபையில் வேலை கிடைத்தது.

5

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது அவர்களுக்கு வீடு வந்தது. புதிய பரோவின் மறுகோடியில், முன்பு வேறொரு சபையாக இருந்த ஊரில், அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. இராசரத்தினம் பழைய தலைவரைத் தேடி அவர் வீட்டுக்கே போனான். “சொன்னது நல்ல ஞாபகம் இருக்கு. ஆனால் இப்போது நான் யாருமில்லையே, தம்பி” என்று சொல்லி, அவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாவம், நல்ல மனிதர். புதிய சபை பதில் போட்டது: அப்படி எதுவும் கூட்டறிக்கையில் இல்லை.

லிஃப்ட் இருந்தது. கிழமைக்கு ஒரு தரம் பழுதாகும். திருத்துவதற்கு ஆள் பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டும். நடுவழியில் ஒருதரம் அதற்குள் மாட்டிக்கொண்ட பிறகு தவமணி அதில் ஏறப் பயந்தாள். ஒன்றேகால் வருடம் அந்த வீட்டில் இருந்தாள். கீழே இறங்கியது நாலு தரம், நாலும் ஆஸ்பத்திரிக்கு.

நான் போவேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. தவமணி யன்னலோரத்தில் கதிரையைப் போட்டு இருப்பாள். கீழே போகிற பஸ்ஸின் நம்பரை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தாள். “மகேசண்ணை எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டவர்” என்று வருகிற ஆட்களுக்கு என்னைக் காட்டிச் சொல்வாள். சொல்லிவிட்டு எனக்கென்று தனியாகப் பொரித்து வைத்த மீனைக் கொண்டுவந்து வைப்பாள். நான் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் எலும்பையும் உறிஞ்சினேன்.

ஐந்தாம் தரம் அவளை இறக்கியபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. அம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் கதிரையில் கட்டி ஒன்பது மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பிறகு இல்லை.

6

அதற்கு அடுத்த வருடம் நான் சிட்னிக்கு வந்துவிட்டேன். எங்கள் நிறத்துக்கு இந்த நாட்டின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. பிள்ளைகளின் எதிர்காலம் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால் வேலைக்குப் போகும் பஸ் அந்த அடுக்குமாடியைக் கடந்துதான் போகும்.

இங்கே செவன் ஹில்ஸில் வீடு. வெயில் தகரத்தை உருக்கும். கவுன்சிலில் ஓல்டர்மன்கள் இருக்கிறார்கள். அங்கே ஒழித்த பதவி இங்கே கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், பொலிஸ், வீடு எல்லாம் மாநில அரசிடம். எங்களுக்கு வீதி, கழிவுநீர்க் கான், குப்பை, நாய். வீடு கேட்டு யாராவது கவுண்டருக்கு வந்தால், “அது எங்கள் பொறுப்பு இல்லை, அம்மா” என்று சொல்லி வேறு கந்தோரின் விலாசத்தை எழுதிக் கொடுக்கிறேன். சட்டப்படி சரி. என் இரண்டு பையன்களும் நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றும் சிலவேளை நினைக்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில், பக்கத்து வீதியில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசை. ஒரு பெண் வந்து, “அங்கிள், என்னைத் தெரியுதா?” என்றாள். கௌரி. இராசரத்தினத்தின் மகள். இங்கிலாந்தில் தாதிப் படிப்பு முடித்து, வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்திருக்கிறாள். அப்பாவையும் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். நீரிழிவில் அவருக்குக் கண் போய்விட்டதாம்.

“அப்பா எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பார், அங்கிள். எங்களுக்காக நிண்ட ஒரே ஆள் நீங்கள்தானாம்.”

அடுத்த ஞாயிறு வெஸ்ட்மீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிக் கன்ரீனில் அவளுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சி, சிவப்புப் பென்சில், எல்லாம். கௌரி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“நீங்கள் அம்மா செத்த வீட்டில சவப்பெட்டி தூக்கினீங்கள்.”

“ஓம்.”

“அப்பாட்டைச் சொல்லக்கூடாது. டோன்ட் யூ டேர், அங்கிள். அவருக்கு மிச்சமாக இருக்கிறது அது ஒண்டுதான்.”

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இராசரத்தினம் வந்து இப்போது ஐந்து மாதம். சனிக்கிழமைகளில் நான் போய் அவனுக்கு ஊரிலிருந்து வரும் பத்திரிகைகளை வாசித்துக் காட்டுவேன். கௌரிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மறந்துவிட்டது. சிவகுருவின் கடிதத்தையும் வாசித்தேன். என் கூட்டாளிக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. “எழுது மச்சான்! எழுதி முடிச்சதும் எனக்குத்தான் முதல் வாசிக்கவேணும்” என்றான்.

7

மேலே உள்ள ஆறு பகுதிகளையும் எழுதி முடித்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். வேறு கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். மலர் வந்தபின் வேறு யாராவது வாசித்துக் காட்டி அவன் அறியட்டும் என்று விட்டிருக்கலாம். கௌரி வேலைக்குப் போயிருந்தாள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் பகுதிக்கு விழுந்து விழுந்து சிரித்தான். “ரெண்டு பஸ், சரியாச் சொன்னாய்” என்றான். மூன்றாம் பகுதியில் கேசரி வந்த இடத்தில் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். நாலாம் பகுதியில் லாச்சி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிப்பாட்டினனி? வாசி.”

வாசித்தேன். கடைசிவரை வாசித்தேன். கௌரி சொன்னதையும் விடவில்லை. தாள்களை மடித்து வைத்த பிறகும் அவன் முகம் நான் இருந்த பக்கம் திரும்பியே இருந்தது.

“எத்தினை நாள் எண்டனி?”

“பத்தொன்பது.”

“நான் மூண்டு தரம் வந்தனான்.”

“ஓம்.”

“நாலாந்தரமும் வந்திருந்தா எழுதியிருப்பியோ?”

ஓம் என்று வாய்வரை வந்தது. “தெரியேல்லை, ரத்தினம்” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது பற்றவே இல்லை. இதை அனுப்பட்டுமா, கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“அனுப்பு. எனக்கென்ன.” பிறகு சொன்னான்: “ஆஸ்பத்திரியில கடைசியா அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? மகேசண்ணைக்கு நாங்கள் ஒண்டும் செய்யேல்லை எண்டவள். அதுக்குப் பிறகு அவள் கதைக்கேல்லை. உனக்குச் செய்யிறதுக்கு என்னட்டை என்ன இருக்கு? அதுதான், போற வாற இடமெல்லாம் உன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். உன்னைத் தெரியாத ஆக்களுக்கும் சொன்னனான்.”

நான் எழுந்து அவன் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டான். சுவரைத் தடவித் தடவித் தன் அறைக்குப் போய், உள்ளே நின்று கதவைச் சாத்தினான்.